'கத்தோலிக்க' சபையும் 'பொதுவான' சபையும்: நாங்கள் விசுவாசிப்பது ஒன்றுதானா?

கேள்வி (இராயபுரம்):
பிறந்த வீட்டில் நாங்கள் கத்தோலிக்கர். திருமணத்திற்குப் பின் கணவருடன் பெரம்பூரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்திற்குச் செல்கிறேன்; மகனுக்கு ஞானஸ்நானமும் அங்கேதான் கொடுத்தோம். அது கத்தோலிக்கர் சொல்லும் திருமுழுக்கு ஆகுமா என்று அம்மா கலங்குகிறார். வியாசர்பாடியில் பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் நாத்தனாரோ, குழந்தைக்குக் கொடுத்ததே செல்லாது என்கிறார். ஆராதனையில் ஒப்பிக்கும் விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் அம்மா 'கத்தோலிக்க' என்று சொல்லும் இடத்தில் நாங்கள் 'பொதுவான' என்று சொல்கிறோம். மூவருக்கும் விசுவாசம் ஒன்றுதானா?

பதில் 1 (தண்டையார்பேட்டை, மறைக்கல்வி ஆசிரியர்):
சகோதரி, உங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. கத்தோலிக்கர் முன்பு இராயப்பர் என்று அழைத்தவரும், நீங்கள் இப்போது வேதத்தில் பேதுரு என்று வாசிப்பவரும் ஒரே அப்போஸ்தலர்தான். அதுபோலவே, 'கத்தோலிக்க' என்பது முழுமையான, எங்கும் பரந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதைத்தான் உங்கள் ஆலயத்தில் தமிழாக்கி 'பொதுவான' என்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய ஒரே கடவுள்; மனிதரான இயேசு சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது; அவர் மீண்டும் வருவது; பாவமன்னிப்பு; நித்திய வாழ்வு: இவற்றில் நமக்குள் வேறுபாடு இல்லை. 325-இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியு என்ற குருவின் போதனையை மறுத்து, அவர் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள்; 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் விரிவாக்கப்பட்ட அந்த அறிக்கையை ஆர்த்தடாக்ஸ் முதலான கிழக்குத் திருச்சபைகளும் இன்றுவரை சொல்கின்றன. ஆவியானவர் 'குமாரனிடமிருந்தும்' புறப்படுகிறார் என்று மேற்கில் பின்னர் சேர்த்த சொல்லை மட்டும் அவர்கள் ஏற்பதில்லை.

பதில் 2 (புளியந்தோப்பு, பெந்தெகொஸ்தே விசுவாசி):
எங்கள் ஆராதனையில் பிரமாணத்தை ஒப்பிப்பதில்லை என்றாலும், மேலே சொன்ன ஒவ்வொன்றையும் முழு மனதோடு விசுவாசிக்கிறோம். தானே அறிந்து விசுவாசித்தவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்பதில் உங்கள் நாத்தனாரோடு நானும் நிற்கிறேன். அது கீழ்ப்படிதல் பற்றிய வேறுபாடு. அதனால் உங்கள் வீட்டார் வேறொரு கிறிஸ்துவை வணங்குகிறார்கள் என்று ஆகிவிடாது. திரித்துவத்தையே மறுக்கும் 'இயேசு மாத்திரம்' குழுவினரோடுதான் எங்களுக்கு அடிப்படையிலேயே கருத்து வேறுபடுகிறது.

பதில் 3 (வண்ணாரப்பேட்டை, சி.எஸ்.ஐ.):
நற்கருணை, போப்பாண்டவரின் அதிகாரம், மாதா வணக்கம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகள் சிறியவை அல்ல. அவற்றை மறைப்பது நேர்மையும் அல்ல. ஆயினும் உங்கள் அம்மாவின் கலக்கத்திற்குத் தெளிவான பதில் உண்டு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் முறையாகக் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. இரண்டாம் முறை கொடுப்பதில்லை. மகனின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துச் சென்று அவருடைய பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். அவர் வாயிலிருந்தே கேட்டால் அம்மாவின் மனம் ஆறும்.