மறு: ரோட்டரி ஹேமருக்குத் தமிழ்ச் சொல்: 'துளைசம்மட்டி'

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். கான்கிரீட்டில் அடித்துத் துளையிடும் ரோட்டரி ஹேமர் என்ற மின்கருவிக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு இந்த மடல் பதில்.

> 'சுழல் சுத்தியல்' என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமானது, யாருக்கும் புரியும்.

சுருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புரியும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கருவியில் சுத்தியல் சுழல்வதில்லை. சுழல்வது முன்னால் செருகப்பட்டிருக்கும் பிட் என்ற துளையிடும் கம்பி. அதை உள்ளிருந்து அடிக்கும் இரும்புத் துண்டு தன் குழலுக்குள் முன்னும் பின்னுமாக ஓடுகிறது, அவ்வளவுதான். பெயரைக் கேட்டவுடன் சுழன்று வரும் சுத்தியல் ஒன்றை மனத்தில் வரைந்துகொள்கிற வாசகர், கருவியைப் பார்த்ததும் பெயரைச் சந்தேகிப்பார்.

மொழித்தூய்மைக்காக மட்டும் இதை நான் வலியுறுத்தவில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஹார்டுவேர் கடையில் 'ஹேமர் டிரில் வேண்டும்' என்று கேட்டால், அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு கருவிகளில் எதுவும் மேசைக்கு வரலாம். பெட்டியில் 'இம்பாக்ட் டிரில்' என்று அச்சிட்டிருப்பதையும், 'ரோட்டரி ஹேமர்' என்று அச்சிட்டிருப்பதையும் பேச்சில் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். லிண்டலில் (சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டையில்) திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்காக முதலாவதை வாங்கிச் சென்றவர், செங்கல் சுவரில் எளிதாகத் துளையிட்டுவிட்டு, கான்கிரீட்டில் அரை அங்குலத்தோடு நின்றுபோகிறார். பிறகு பிட் மட்டமானது என்று பிட்டின்மேல் பழி விழுகிறது.

ஆகவே இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இம்பாக்ட் டிரில்லுக்குள் பற்கள் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கமே பிட்டுக்கு அதிர்வாகப் போய்ச் சேர்கிறது. நிமிடத்துக்கு 40,000 முறைக்கு மேல்கூட அதிரும். ஆனால் ஒவ்வொரு அதிர்விலும் வலு மிகக் குறைவு, அதுவும் நாம் உடம்பைக் கொடுத்து அழுத்தினால்தான் கிடைக்கும். ரோட்டரி ஹேமரில் இந்தத் தட்டுகளே இல்லை. மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் இயக்குகிறது. பிஸ்டனுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் அடிப்பானுக்கும் இடையே அடைபட்ட காற்று மட்டுமே உண்டு. பிஸ்டன் முன்னே வரும்போது அந்தக் காற்று இறுகி அடிப்பானை எறிய, அது பிட்டின் பின்முனைப் பக்கம் போய் மோதுகிறது. சிறிய வகைகளில் நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி என்றாலும், ஒவ்வோர் அடியும் 2 முதல் 3 ஜூல் வரை வலுவுள்ளது. எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு, வேலையிலோ பல மடங்கு.

இப்போது சுழற்சிக்கு வருவோம். இங்கே சுழற்சி எதற்கு? வெட்டுவதற்கு அல்ல. கல்லுடைக்கும் குவாரிகளில் இயந்திரம் வருவதற்கு முன்பு, ஒருவர் நீண்ட உளியைப் பிடித்திருக்க இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பிடித்திருப்பவர் உளியைச் சற்றே திருப்பிக் கொடுப்பார். திருப்பாவிட்டால் உளியின் விளிம்பு ஒரே வரியில் விழுந்துகொண்டிருக்கும், துளை வட்டமாக வராது. ரோட்டரி ஹேமர் செய்வதும் இதே வேலைதான். பிட்டின் முனை அடுத்த அடியில் புதிய இடத்தில் விழுவதற்காகவும், நொறுங்கிய தூளை அதன் திருகு வரிகள் வெளியே கொண்டுவருவதற்காகவுமே சுழற்சி தேவைப்படுகிறது. அடியே முதன்மையானது, சுழற்சி துணைதான்.

ஆகவே பெயரின் தலைச்சொல் அடிக்கிற பொருளாகவும், அடைமொழி துளைத்தல் வினையாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் முன்வைக்கும் சொல்: துளைசம்மட்டி.

இதில் ஒற்று மிகாதது கவனக்குறைவால் அல்ல. துளைத்த, துளைக்கின்ற, துளைக்கும் சம்மட்டி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது; சுடுகாடு, ஊறுகாய் போன்றவற்றில் வல்லினம் மிகாததைப் போலவே இங்கும் மிகாது. 'துளைச்சம்மட்டி' என்று எழுதினால் துளை உடைய சம்மட்டி என்று பொருள் மாறிவிடும். தட்டச்சு செய்பவர்கள் தயவுசெய்து அந்த ச்-ஐச் சேர்த்துவிட வேண்டாம்.

இதே அமைப்பில் உறவுச் சொற்களும் தாமாகவே கிடைக்கின்றன. சுழல மட்டும் செய்கிற சாதாரண டிரில் துளைப்பான். இம்பாக்ட் டிரில் அதிர்துளைப்பான். சுழற்சியே இல்லாமல் உடைப்பதற்கு மட்டும் பயன்படும் டெமாலிஷன் ஹேமர் இடிசம்மட்டி. முதல் இரண்டும் துளைப்பான் குடும்பம், இடிசம்மட்டியும் துளைசம்மட்டியும் சம்மட்டிக் குடும்பம். கடைக்காரரிடம் எந்தக் குடும்பம் என்று சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

> துளைசம்மட்டியில் துளைக்காமல் உளி போட்டு உடைக்கவும் செய்யலாமே? அப்போது பெயர் பொருந்துமா?

பொருந்தும். சுழற்சியை நிறுத்திவிட்டு உளியாக மட்டும் பயன்படுத்தும்போதும் அது சம்மட்டியாகத்தான் இருக்கிறது. 'சம்மட்டித் துளைப்பான்' என்று மாற்றி அமைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் போயிருக்கும்.

'சம்மட்டி'க்குப் பதிலாகக் 'கூடம்' என்று வைக்கலாமே என்று விளவங்கோடு பக்கத்து நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான ஆசை. 1956-க்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அந்தச் சொல் இன்றும் வாயில் இருக்கிறது. சங்கப் பாட்டிலும் கொல்லனின் கூடம் ஒலித்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடமும் ஆய்வுக்கூடமும் பழகிவிட்ட இன்றைய வாசகருக்குத் 'துளைகூடம்' என்பது துளையிடுவதற்காகக் கட்டிய ஒரு கட்டடமாகத்தான் தோன்றும்.

அடுத்து, 'ஹெவி டியூட்டி' என்பதற்கு 'வன்பணி' என்ற அடைமொழி பரிந்துரைக்கப்பட்டது. சொல் அழகாகவே இருக்கிறது. ஆயினும் அது விற்பவரின் சொல். எந்தப் பெட்டியிலும் அச்சிடலாம், எதையும் உறுதி செய்யாது. அதற்கு மாறாக இரண்டு அளவுகளைச் சொல்லும் பழக்கத்தை வளர்ப்போம்: ஒன்று, ஜூலில் குறிக்கும் அடியாற்றல்; மற்றொன்று, பிட்டின் காம்பு, அதாவது கருவிக்குள் செருகும் பகுதியின் விட்டம். பிட்டைச் செருகும் அமைப்புகளில் எஸ்டிஎஸ் பிளஸ் என்பது 10 மி.மீ. காம்பு, எஸ்டிஎஸ் மேக்ஸ் என்பது 18 மி.மீ. காம்பு. ஒன்றின் பிட் மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்பதை அதைக் கொண்டு ஒரு கையேட்டுப் பத்தி எழுதிப் பார்த்தால்தான் அறிய முடியும். நம் மாவட்டத்து வீட்டுக்காரர் ஒருவருக்காக எழுதிப் பார்த்தேன்:

"திரைச்சீலைக் கம்பி, அலமாரி, கைப்பிடிக் கம்பி, கேட்டுக்கான ஆங்கர் போல்ட் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) ஆகியவற்றுக்கு 10 மி.மீ. காம்பும் 2 முதல் 3 ஜூல் அடியாற்றலும் கொண்ட துளைசம்மட்டி போதும். அதன் எடை பெரும்பாலும் 3 கிலோவைச் சுற்றியே இருக்கும், தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவும் முடியும். கருங்கல் அடித்தளத்தில் குழாய்க்கு வழி எடுப்பது, குளியலறைத் தரையைக் கான்கிரீட்டோடு பெயர்ப்பது போன்ற வேலைகளுக்கு 18 மி.மீ. காம்புள்ள பெரிய வகை வேண்டும். 5 கிலோவுக்கு மேல் எடையும் 5 ஜூலுக்கு மேல் அடியாற்றலும் உள்ள அதை ஓரிரு வேலைக்காக விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே சரி. 1,500 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகவும். நீட்டிப்பு வயரைச் சுருளாக விடாமல் முழுவதும் அவிழ்த்துவிடவும்.

"துளைசம்மட்டியை உடல் வலுவெல்லாம் கொடுத்து அழுத்தக் கூடாது. பிட் இடத்தில் நிற்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். மிகையாக அழுத்தினால் அடி குறையும். பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒருபோதும் வேலை செய்யக் கூடாது, ஏனெனில் கான்கிரீட்டுக்குள் பிட் கம்பியில் சிக்கினால் கருவியே சுழன்று மணிக்கட்டை முறுக்கும். உள்ளிருக்கும் பாதுகாப்புக் கிளட்ச் அந்த விசையைக் குறைக்குமே தவிர முழுதாக விலக்காது. கம்பி தட்டுப்பட்டால் துளையை மாற்றி இடவும். தூண் கம்பியையும் பீம் கம்பியையும் வெட்ட முயல வேண்டாம். காம்பின் நுனியில் சிறிது கிரீஸ் தடவிச் செருகவும். ஆங்கர் பொருத்துவதற்கு முன் துளையில் உள்ள தூளை ஊதி, தூரிகையால் துடைத்து எடுக்கவும். தூளோடு அடித்த ஆங்கர் பிடிக்காது. கான்கிரீட், கருங்கல் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு என்பதால் என்95 முகக்கவசமும், கண்ணாடியும், காதடைப்பானும் அணியவும். வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவரிலும் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரிலும் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளைக்கவும். அடித்தால் துளையின் வாய் உதிர்ந்து ஆங்கர் நிற்காது. டைல்ஸிலும் அப்படியே தொடங்கி, டைல்ஸைக் கடந்த பிறகே அடியைச் சேர்க்கவும்."

எழுதும்போது 'துளைசம்மட்டி' எங்கும் இடறவில்லை. வெட்டுக்கல் வரியில் மட்டும் ஒரு நெருடல்: சம்மட்டியை அடிக்காமல் பயன்படுத்தச் சொல்வது முரணாகத் தோன்றுகிறது. எனினும் மூன்று இயக்க நிலைகளுக்கும் 'சுழல் நிலை', 'அடிசுழல் நிலை', 'உளி நிலை' என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் மறையும். கருவியின் நிலைமாற்றும் குமிழில் பொறித்திருக்கும் படங்களுக்கும் இவை பொருந்துகின்றன.

எனக்கு முடிவு எட்டாதது எஸ்டிஎஸ் என்ற பெயர். செருகு, திருப்பு, நிற்கும் என்று பொருள்படும் மூன்று ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'செருகுபிடி' என்று ஒரு வரைவு வைத்திருக்கிறேன். ஆனால் பிட் அந்தப் பிடிக்குள் இறுக்கமாக நிற்காமல் முன்னும் பின்னும் நகர இடம் உண்டு என்பதும், அந்த நகர்வு இருந்தால்தான் அடி முழுதாகப் பிட்டுக்குப் போய்ச் சேரும் என்பதும் 'பிடி' என்ற சொல்லில் அடங்கவில்லை. கருவியைப் பிரித்துப் பழுது பார்க்கும் உறுப்பினர்கள் யாரேனும் இருந்தால், அந்த இடத்தைத் தங்கள் பட்டறையில் என்னவென்று அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஓர் உறுப்பினர்