பனிமூட்டத்துக்குள் பறவைப் பாறை: சென் மேரிஸ் முனை அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து

கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பனிப்பாறை பார்ப்பதற்கும் திமிங்கிலம் பார்ப்பதற்குமே நேரம் ஒதுக்குகிறார்கள். சென்ற யூலையில் நான் குடும்பத்துடன் பார்த்துவந்த சென் மேரிஸ் முனையைப் பற்றி எழுதினால், அடுத்து அப்பக்கம் போகிறவர்களில் சிலராவது ஒரு பகலை அதற்கென்று வைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

சென் ஜோன்ஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரத்தில், அவலன் குடாநாட்டின் தென்மேற்கு மூலையில் இந்த முனை இருக்கிறது. 1964இல் பறவைகளுக்கான பாதுகாப்பிடமாக ஒதுக்கப்பட்டு, 1983இல் மாகாண அரசின் சூழலியல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. வட அமெரிக்கா முழுவதிலும் கனெட் எனும் பெரிய வெண்ணிறக் கடற்பறவைகள் கூட்டமாக முட்டையிடும் இடங்கள் ஆறே ஆறுதான்; அவற்றில் மூன்று கியூபெக்கிலும் மூன்று நியூஃபவுண்ட்லாந்திலும் உள்ளன. இந்த ஆறில் படகு எதுவும் ஏறாமல், காரை நிறுத்திவிட்டு நடந்தே போய்ப் பார்க்கக்கூடியது இதுதான் என்பதால் வயதான அம்மாவையும் எங்களால் அழைத்துச் செல்ல முடிந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது எதிரே நின்ற வெளிச்சவீடே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கடற்பனி மூடியிருந்தது. ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் அங்கு இப்படித்தான் இருக்குமாம். திரும்பிப் போய்விடலாமா என்று நாங்கள் தயங்கியதைக் கண்ட விளக்கக்கூடத்துப் பணியாளர், பாறை கரைக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதால் பனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பறவைகளைப் பார்க்கலாம் என்றும், ஆனால் பாதையை விட்டு எந்தக் காரணத்துக்காகவும் விலகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். இந்த இரண்டாவது அறிவுரை வெறும் சம்பிரதாயமன்று. மரமே இல்லாத பாசிநிலத்தின் ஊடாக, செம்மறியாடுகள் மேயும் வெளியைக் கடந்து, ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நீளும் அந்த ஒற்றையடிப் பாதை, இறுதியில் வேலியோ கைப்பிடியோ இல்லாத செங்குத்து விளிம்பில் போய் முடிகிறது. சிறு பிள்ளைகளுடன் போகிறவர்கள் கையைப் பிடித்தபடியே நடக்க வேண்டும்.

பறவைகள் முதலில் நாசிக்குத்தான் தெரிந்தன. மீன் வாடையும் எச்சத்தின் காரமும் கலந்த நெடி காற்றில் வந்தது. பிறகு, பெரிய இயந்திரம் ஒன்று இடைவிடாது ஓடுவது போன்ற இரைச்சல் எழுந்தது. அதன் பின்பே பனி சற்று விலகி, வெள்ளைச் சுவர் போல ஒன்று எங்கள் கண்மட்டத்தில் நின்றது. ஏறத்தாழ 100 மீற்றர் உயரமான, கரையிலிருந்து பிரிந்து கடலுக்குள் தனித்து நிற்கும் பாறை அது. அதன் தலையை மூடியிருந்த வெண்மையில் பாதி எச்சம், பாதி பறவை. நாங்கள் நின்ற விளிம்புக்கும் அதற்கும் இடையில் ஒரு சிறு தெருவின் அகலமே இருந்ததால், கனெட்டின் மஞ்சள் பூசிய தலையையும், வெளிர் நீலக் கண்ணையும், அலகைச் சுற்றியுள்ள கரிய கோட்டையும் தொலைநோக்கி இல்லாமலே பார்க்க முடிந்தது.

பறவைக் காய்ச்சலுக்கு முந்தைய கணக்குகளின்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கனெட் இணைகள் இங்கே கூடு வைத்திருக்கின்றன. பாறையில் இடம் போதாமல் பக்கத்துக் கரைச் சரிவுகளுக்கும் அவை பரவியிருக்கின்றன. ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் உள்ள இடைவெளி, இரண்டு பறவைகள் கழுத்தை நீட்டினாலும் கொத்திக்கொள்ள முடியாத அளவுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சாக்கு விரித்துக் காய்கறி பரப்பியிருப்பவர்களைப் போல ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் வரை அமைதிதான். இறங்குகிற பறவை ஒரு சாண் தவறி அடுத்ததன் பரப்பில் கால் வைத்தால் உடனே சண்டை. இணை திரும்பி வந்ததும் இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்று, அலகை உயர்த்தி வாள் உரசுவது போல உரசி வரவேற்றுக்கொள்கின்றன. கூட்டை விட்டுக் கிளம்பும் பறவை முன்கூட்டியே அலகை வானத்தை நோக்கி நிமிர்த்திக் காட்டுகிறது. முட்டையோ குஞ்சோ ஆளின்றிக் கிடக்காதபடி மற்றது அங்கேயே இருந்துகொள்கிறது. என் மகள் இந்த அறிகுறியைக் கண்டுபிடித்த பிறகு, எது அடுத்துப் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி எங்களை வென்றுகொண்டிருந்தாள்.

பெரும்பாலான பறவைகளுக்கு வயிற்றில் இறகற்ற வெதுவெதுப்பான ஒரு பகுதி உண்டு. அதை முட்டையின் மீது வைத்தே அவை அடைகாக்கும். கனெட்டுக்கு அது கிடையாது. சவ்வு விரித்த இரு பாதங்களையும் முட்டையின் மேல் போர்த்தி, ஏறத்தாழ 44 நாட்கள் சூடு கொடுக்கிறது. இட்டிருப்பது ஒரே முட்டை. பொரிந்த குஞ்சு மூன்று மாதமளவில் கூட்டில் இருந்து, பெற்றோரையும் விஞ்சிய எடையுடன் கடலில் குதிக்கிறது. குதித்த பின் உடனே மேலெழும்ப முடியாத அளவுக்கு அதன் உடலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். வெள்ளை இறகு முழுவதும் வந்து சேர நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன.

மதியத்துக்குப் பின் பனி கலைந்தபோது, சற்றுத் தள்ளிக் கடலில் அவை மீன் பிடிப்பதையும் பார்த்தோம். இருபது, முப்பது மீற்றர் உயரத்தில் ஒரு கணம் தயங்கி, நீரைத் தொடும் நொடியில் இறக்கைகளை உடலுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு ஈட்டியாய் இறங்குகின்றன. அந்த வேகத்தில் நீர் உள்ளே ஏறாதபடி வெளிப்புற மூக்குத் துவாரங்களே அவற்றுக்கு இல்லை. அடியைத் தாங்குவதற்கு முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் உள்ளன.

பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் என் கண் இயல்பாகவே கூடுகளில் கிடந்த கயிற்றை நோக்கிப் போனது. கடற்பாசியோடும் புல்லோடும் சேர்த்து, பச்சையும் நீலமுமான வலைநூல்களையும் அவை கூட்டுக்குள் பின்னியிருந்தன. இந்தக் கடலில் வலைக்கும் பறவைக்கும் உள்ள உறவு நீண்டது. 1992 யூலையில், மீன்வளம் அடியோடு வீழ்ந்துவிட்ட நிலையில், கனடிய அரசு கொட் மீன்பிடியை நிறுத்தியது. பல்லாயிரக்கணக்கான மீனவர்கள் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். கடலடியில் நின்ற செவுள்வலைகள் அகன்றதும், அவற்றில் சிக்கி மூழ்கிவந்த மர், கனெட் போன்ற முக்குளிக்கும் பறவைகள் பெருகின. படகுகள் வீசும் கழிவு மீனை நம்பியிருந்த பெரிய கடற்காகங்களோ குறைந்தன. மீனவக் குடும்பத்தில் பிறந்த எவரும் இந்தச் செய்தியை முழு மகிழ்ச்சியோடு கேட்க முடியாது. அதே வேளை, மடியில் வலையோடு வளர்ந்த நமக்கு, வலை தூக்கும்போது எதுவெல்லாம் கூடவே வரும் என்பது தெரியாததுமன்று.

வலை மட்டுமே பகை என்றால் கணக்கு எளிதாக முடிந்திருக்கும். 2012 கோடையில் மேற்பரப்பு நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறி இரை கிட்டாமல் போனபோது, பெற்றோர் பறவைகள் குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுச் சென்றன. கனெட் இனப்பெருக்கத்தின் தென்னெல்லையில் இந்தப் பாறை இருப்பதால் சூட்டின் பாதிப்பு முதலில் இங்கேதான் தெரியும். 2022இல் பறவைக் காய்ச்சல் பரவி, நியூஃபவுண்ட்லாந்துக் கரைகளில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் இறந்து ஒதுங்கின.

இறுதியாக ஒன்று. பாறைக்குக் கிழக்கே விரிந்திருப்பது சென் மேரிஸ் விரிகுடா. அதன் மறுகரையில் இருக்கிறது சென் ஷொட்ஸ். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் நெருக்கியடித்துத் தத்தளித்துக்கொண்டிருந்த 155 ஈழத்தமிழரை, கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டது அந்தக் கரைக்கு அப்பாலுள்ள கடலில்தான். அதுவும் பனி மூடிய கடலே. கைக்கெட்டும் தூரத்துப் பாறையையே மறைக்கும் பனியை ஒரு காலைப்பொழுது பார்த்த பிறகு, திசைகாட்ட ஆளில்லாமல் அதற்குள் மிதந்தவர்களுடைய நிலையை அம்மா வாய்விட்டுப் பேசினார். நாங்கள் திரும்பி நடந்த பாதை முழுவதும் அந்தப் பேச்சாகவே இருந்தது.

நியூகாசிலிலிருந்து ஒரு பதில்

அண்ணா, உங்கள் பறவைகள் மனிதரைக் கவனிக்காமல் தங்கள் வேலையைப் பார்ப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் சென்றுவரும் ஃபார்ன் தீவுகளில் நிலைமை நேர் எதிரானது. இங்கிலாந்தின் நோர்தம்பர்லாந்துக் கரையில் சீஹவுசஸ் துறையிலிருந்து படகேறி இன்னர் ஃபார்ன் தீவில் இறங்கியதும், பாதையோரத்திலேயே கூடு வைத்திருக்கும் ஆர்க்டிக் ஆலாக்கள் தலையைக் குறிவைத்து இறங்கிக் கொத்தும். தொப்பி அணியும்படி படகுக்காரர்களே எச்சரிப்பார்கள். மெல்லிய துணித் தொப்பி போதாது. இரத்தம் வரும் அளவுக்குக் கொத்துகின்றன.

மன்னார்ப் பக்கம் மணற்றிட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுவதைப் பற்றிச் சிறு வயதில் கேட்டிருந்த எனக்கு, இவ்வளவு சிறிய உடலில் இவ்வளவு துணிவு இருப்பது நம்ப முடியாததாக இருந்தது. வடகோடையில் இங்கே குஞ்சு பொரித்துவிட்டுத் தென்கோடைக்கு அந்தாட்டிக்கா வரை போய்த் திரும்பும் பறவை அது. 1982இல் இந்தத் தீவுகளில் வளையமிடப்பட்ட ஒரு குஞ்சு, சில மாதங்களிலேயே அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் அருகே கண்டெடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட பயணத்துக்குத் தயாராக வேண்டிய குஞ்சுக்குப் பக்கத்தில் நாம் புகைப்படக் கருவியோடு நின்றால் அது கொத்தாமல் என்ன செய்யும்?

இந்தத் தீவில் தனித்து வாழ்ந்து 687இல் மறைந்த துறவி கத்பர்ட், ஐடர் வாத்துகளுக்குத் தீங்கு செய்யக் கூடாதென்று விதி வகுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. உள்ளூர் மக்கள் அந்த வாத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நீங்கள் எழுதிய பறவைக் காய்ச்சல் 2022இல் இங்கேயும் வந்து, பார்வையாளர் இறங்குவது நிறுத்தப்பட்டது. இன்னர் ஃபார்ன் மீண்டும் திறக்கப்பட்டது 2024இல்தான். இன்னொரு செய்தி உங்கள் மகளுக்குச் சுவையாக இருக்கும். ஸ்கொட்லாந்தின் பாஸ் ராக் பாறையில், அந்தக் காய்ச்சலில் பிழைத்த கனெட்டுகள் சிலவற்றின் வெளிர் நீலக் கருவிழி கறுப்பாக மாறிவிட்டதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். உங்கள் படங்களைப் பெரிதாக்கி, கறுத்த கண்ணுடைய பறவை எதுவும் இருக்கிறதா என்று அவளைத் தேடச் சொல்லுங்கள்.

சென் ஜோன்ஸிலிருந்து ஒரு பதில்

இங்கே வசிப்பவன் என்ற வகையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். அண்ணா கனெட்டுகளிலேயே மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். பாறையின் செங்குத்துப் பக்கத்தில் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலத் திண்டுகளில் சேறும் புல்லும் ஒட்டிக் கூடு கட்டியிருப்பவை கிட்டிவேக் எனும் சிறு கடற்காகங்கள். கூடே கட்டாமல் வெறும் பாறையில் தோளோடு தோள் நிற்பவை மர் பறவைகள். அவற்றின் முட்டைகள் ஒரு முனை கூர்மையாக, ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறத்திலும் கோலத்திலும் இருப்பதால், அந்த நெரிசலிலும் தாய் தன்னுடையதை அடையாளம் காண்கிறது. தடித்த அலகுடைய மர் இனம் ஆர்க்டிக் பகுதிக்கு உரியது. அது இவ்வளவு தெற்கே முட்டையிடும் இடங்கள் மிகச் சில.

யூலையில் போகிறவர்கள் அவசரமில்லையென்றால் மாலை வரை தங்குங்கள். மூன்று வாரமே ஆன, பறப்பதற்கான இறகு முளைக்காத மர் குஞ்சு, கீழே நீரிலிருந்து தந்தை அழைக்கும் குரலைக் கேட்டு, அந்த உயரத்திலிருந்து குதிப்பதை மங்கும் வெளிச்சத்தில்தான் காண முடியும். குதித்த குஞ்சைத் தந்தை அழைத்துக்கொண்டு கடலுக்குள் நீந்திப் போய்விடும். பல வாரங்கள் அதற்கு ஊட்டுவதும் தந்தையே. இதை ஒருமுறை பார்த்த பிறகு, குளிர்காலத்தில் எங்கள் அயலவர் வேட்டையாடிக் கொண்டுவந்து அன்போடு தரும் மர் இறைச்சியை வாங்குவதற்கு என் மனைவி தயங்குகிறார். இந்த மாகாணத்தில் அந்த வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. தருகிறவர் மனம் நோகாமல் மறுப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் மர் பறவைகள் இருக்கமாட்டா. கனெட்டுகளும் அவற்றின் கரிய நிறக் குஞ்சுகளும் செப்டெம்பர் கடந்தும் இருக்கும். விளக்கக்கூடம் கோடைப் பருவத்தில் மட்டுமே திறந்திருக்கும். எந்த மாதமானாலும் தடித்த அங்கியும், பாசியில் வழுக்காத சப்பாத்தும், மாற்றுக் காலுறையும் எடுத்துச் செல்லுங்கள். சென் பிரைட்ஸைத் தாண்டினால் கடை எதுவும் இல்லாததால் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.