விராகோ 250: கார்பரேட்டரை மாற்றுவதா, பழுதைத் தேடுவதா?

வாவிக்கரை (கல்லடி):
வீட்டில் அப்பாவின் பழைய யமஹா விராகோ 250 நிற்கிறது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கொட்டிலுக்குள் தள்ளியதுதான். இந்த மாசியில்தான் வெளியே எடுத்தோம். தாங்கிக்குள் பிடித்திருந்த கறளை வினாகிரி ஊற்றிக் கழுவினோம், புதுப் பற்றரி போட்டோம், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கராஜில் கொடுத்துத் துப்புரவு செய்தோம். எஞ்சின் பிடிக்கிறது, ஆனால் உடம்பெல்லாம் உதறுகிறது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மூன்றாம் கியருக்கு மேல் இழுப்பதே இல்லை. "இந்தக் கார்பரேட்டர் முடிந்துவிட்டது, இந்திய 150 சிசி வண்டியின் கார்பரேட்டரைப் பூட்டித் தருகிறேன்" என்கிறார் கராஜ்காரர். அப்பா அடியோடு மறுக்கிறார். எது சரி?

களுவாஞ்சிகுடி வீதி:
தம்பி, கராஜ்காரர் சொல்வதைச் செய்யுங்கள். என்னிடமும் இதே வண்டிதான். ஒரு வருடம் அலைந்தேன். பழைய வாகனச் சாமான் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை இரவு பஸ் ஏறினேன். கேட்ட சாமான் இல்லை. இருந்ததும் வேறு வண்டியில் கழற்றிய தேய்ந்த சாமான். கடைசியில் இந்தியக் கார்பரேட்டரைப் பூட்டினேன், மறுநாளே வேலைக்குப் போனேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பலர் இப்படிக் கழற்றிப் பூட்டித்தான் காலத்தைக் கடத்தினார்கள். வாகனம் ஓடுவதற்கு, கொட்டிலில் வைத்துக் கும்பிடுவதற்கு அல்ல.

காத்தான்குடி காக்கா:
தம்பி, அவசரப்பட வேண்டாம். கராஜ்காரரை நான் குறை சொல்லவில்லை. ஒற்றைச் சிலிண்டரில் பழகிய கைக்கு இந்த எஞ்சின் புதிது. 249 சிசி, 60 பாகையில் விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். ஆனால் கார்பரேட்டர் ஒன்றே ஒன்று. அதிலிருந்து பிரிந்துதான் இரண்டுக்கும் பெற்றோல் போகிறது. கார்பரேட்டர் அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே மெலியும். ஒன்று மட்டும் செத்திருந்தால் அங்கே தேடுவது வீண் வேலை.

முதலில் எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். இரண்டு சைலன்சர் குழாய்களும் சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். எரியும் சிலிண்டரின் குழாயில் துளி சுள்ளென்று மறையும். எரியாததில் வழிந்து ஓடும்.

ஒன்றை மனதில் வையுங்கள். நல்ல நிலையிலும் இது சீராகத் துடிக்காது. ஒரு சிலிண்டர் வெடித்து, எஞ்சின் அச்சு 300 பாகை சுழன்றதும் மற்றது வெடிக்கும், அடுத்த வெடிப்புக்கு 420 பாகை ஆகும். அந்தத் தாளம் வேறு, உங்கள் வண்டியின் உதறல் வேறு.

களுவாஞ்சிகுடி வீதி:
காக்கா, தண்ணீர் தெளிப்பது சரி. அதன் பிறகு? உங்களுக்குக் கையில் தொழில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் வாழ்கிறவன் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கிழமை லீவு எடுக்க முடியாது. எதையும் மாற்றாதே என்று சொல்லிச் சொல்லியே கறளுக்குத் தின்னக் கொடுத்த வண்டிகள் இந்தக் கரையில் எத்தனை! எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒன்று முருங்கை மரத்தின் கீழ் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வாவிக்கரை (கல்லடி):
செய்து பார்த்தேன். முன் குழாயில் துளி விழுந்த இடத்திலேயே ஆவியானது. பின் குழாயில் முத்துப் போல உருண்டு சட்டத்தில் சொட்டியது.

காத்தான்குடி காக்கா:
பின் சிலிண்டரில் பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்து பெற்றோல் மணந்தால் பெற்றோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள றப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பொறியைச் சோதிக்கும்போது பிளக் இருந்த துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள், அதிலிருந்து பெற்றோல் ஆவி பீறிடும். பிளக் தொப்பி திருகித்தான் வயரில் ஏறியிருக்கும். இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி உள்ளே பாருங்கள். நீங்கள் கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று நுழையாத துளை இல்லை.

பொத்துவில் பயணி:
கார்பரேட்டரைக் கராஜில் திறந்தார்கள் என்றீர்கள். அடிக்கிண்ணத்தின் திருகாணித் தலைகளைப் பாருங்கள். சிலுவை வெட்டின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை இறங்காது. பலம் கொடுத்தால் மேலே எழும்பி வெட்டைத் தின்றுவிடும். என்னுடையதில் மூன்று தலைகள் அப்படித்தான் வழுக்கிப்போயின. பிறகு துளை போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கென்று திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை (கல்லடி):
பிளக் ஈரம். தொப்பியைக் கழற்றினேன். வயரின் நுனியில் செம்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சைக் களிம்புதான் உதிர்ந்தது. கால் அங்குலம் வெட்டினேன், இன்னும் பச்சை. மேலும் கால் அங்குலம் வெட்டிய பிறகு கம்பி மின்னியது. தொப்பிக்குள் இருந்த களிம்பையும் சுரண்டி, திரும்பப் பூட்டி, புதிய பிளக் போட்டேன். இப்போது இரண்டு குழாயிலும் துளி நிற்கவில்லை. அப்பா தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாவலடி வரை அவரே ஓட்டிப் போய் வந்தார்.

களுவாஞ்சிகுடி வீதி:
அப்பாவுக்கு என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள் தம்பி. ஆனால் என் கருத்து மாறவில்லை. இன்று வயர், அரை அங்குலம் வெட்டினீர்கள், முடிந்தது. நாளை அந்த றப்பர் வெடித்தால்?

காத்தான்குடி காக்கா:
கிடைக்காத சாமான் இல்லை அது. 1988 இல் வந்த இந்த வண்டியை யமஹா 2008 இல் அமெரிக்காவில் வி ஸ்டார் 250 என்று பெயர் மாற்றித் தொடர்ந்து விற்றது. சீனாவிலும் இதே எஞ்சினைப் பார்த்துச் செய்தார்கள். அளவை ஒப்பிட்டு, பொருந்துமானால் சீன றப்பரையே போடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. நோய் எதுவென்று பார்க்காமல் உறுப்பை வெட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பின் பிளக்கின் நிறம் என்ன?

களுவாஞ்சிகுடி வீதி:
இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை. முன்பக்கத்தது வெளிறிய பழுப்பு.

காத்தான்குடி காக்கா:
அதுதான் என் பயம். காற்றில் ஆறும் எஞ்சின் இது. முன் சிலிண்டர் மறைத்துக்கொள்வதால் பின் சிலிண்டருக்குக் காற்று குறைவு, சூடு கூட. அதற்கு மேல் பெற்றோலும் போதாமல் எரிந்தால் பிளக் வெளுக்கும். அப்படியே நீண்ட தூரம் விரட்டினால் வால்வும் பிஸ்டனும் தாங்காது. இனிக் கச்சான் காற்றுக் காலம், வீதியே கொதிக்கும். அக்கரைப்பற்றுப் பக்கம் தூர ஓட்டம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கார்பரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கொண்டு வாருங்கள்.

களுவாஞ்சிகுடி வீதி:
வருகிறேன் காக்கா. ஆனால் ஜெட்டை மாற்றி இந்தியக் கார்பரேட்டரையே சரிசெய்ய முடியுமென்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்; எனக்குத் திங்கட்கிழமை வேலை. கழற்றிய பழைய கார்பரேட்டரை நான் எறியவில்லை. சாக்கில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். அதையும் கொண்டு வருகிறேன்.