கடற்படை அக்னிவீர்: ஓட்டத்துல திணறல்

கேள்வி: தம்பி அக்னிவீர் (நாலு வருஷ ராணுவப் பணி) எழுத்துத் தேர்வு பாஸ். 1.6 கி.மீ. ஓட்டத்துல கடைசிச் சுற்றுல திணறுறான். வழி சொல்லுங்க. சம்பளம் கைக்கு எவ்வளவு வரும்?

நங்கூரம்: கெடு 6 நிமிடம் 30 விநாடி. 400 மீட்டர் மைதானத்துல 4 சுற்று, சுற்றுக்கு 97 விநாடி. முதல் சுற்றையே 80-ல பறந்தா மூணாவதுல கால் கனத்துடும். 95-ல ஆரம்பிக்கட்டும். உடல் தகுதித் தேர்வுல வர்ற 20 ஸ்குவாட்ஸையும் (உட்கார்ந்து எழுறது) ஓடி முடிச்ச களைப்புலயே பழகணும், அப்பதான் தொடை தாங்கும்.

அலைவாய்: மெடிக்கலுக்கு முன்னாடி காது அழுக்கை டாக்டர்கிட்ட எடுத்துடுங்க. அடைச்சிருந்தா செவிப்பறையைப் பார்க்க முடியாது. பட்ஸ் வேண்டாம், உள்ளே தள்ளிடும்.

நங்கூரம்: சம்பளத்தை விட்டுட்டேன். முதல் வருஷம் மாசம் 30,000. சேவா நிதிக்கு (நாலு வருஷம் முடிஞ்சு வெளியே வரும்போது கிடைக்கிற சேமிப்பு) 9,000 போக கைக்கு 21,000. ஒடிசா சில்கா கடற்படை மையத்துல நடக்கிற பயிற்சியில நீச்சலும் உண்டு, இப்பவே கத்துக்கட்டும்.