புதுப்பிப்பு: சீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்

மழை பெய்தாலே என் 2003 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஊறிப்போகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். துணிக் கூரை கிழிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. கூரையில் வடியும் தண்ணீர் இருபக்கமும் சீட் பெல்ட்டுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக இறங்க வேண்டும். இடதுபக்கத் துளையில் வாசல் மரத்து இலை மக்கி, டீத்தூள் மாதிரி அடைத்திருந்தது.

கம்பி விட்டுக் குத்தச் சொன்னவர்கள் மன்னிக்கவும், உள்ளே குழாய் கிழிந்துவிடுமோ என்று பயம். நீளமான மெல்லிய பிரஷ், ஒரு சொம்பு வெந்நீர், அவ்வளவுதான். பின்சக்கரத்துக்கு முன்னால் கருப்புத் தண்ணீர் கொட்டியதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே!

நேற்று லண்டனில் நாள் முழுக்க மழை. கார்ப்பெட் நனையவில்லை. நாற்றம்தான் இன்னும் போகவில்லை. மனைவி ஏற மாட்டேன் என்கிறாள்.