பஸ் ஓட்டுறவனுக்கு இவ்வளவு காசோ? லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லீவில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு வந்து பத்து நாளாகிறது. சித்தப்பா தொடக்கம் சலூன்காரர் வரை ஒரே கேள்விதான்: "லண்டனில பஸ் ஓட்டுறவனுக்கு இவ்வளவு காசோ?" அங்கே புதிதாக வந்திறங்கிய தம்பிமாரும் தங்கச்சிமாரும் இதையே வேறு மாதிரிக் கேட்கிறீர்கள். அந்த வேலைக்குப் போகலாமா, படுகிற பாட்டுக்குச் சம்பளம் காணுமா என்று. இங்கே மினிபஸ்ஸில் கொண்டக்டராக நின்று, அங்கே பதினொரு வருடமாக பஸ் ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விசயம். போன கிழமை என் மச்சானிடம் ஒருவர் "பஸ் டிரைவர் விசா" எடுத்துத் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார். காசைக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்தானியாவின் திறன்சார் தொழிலாளர் விசா பஸ் ஓட்டும் வேலைக்குக் கிடைப்பதில்லை. துணைவர் விசா, அகதி அந்தஸ்து, நிரந்தர வதிவிடம் என்று வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வேலை. வேடிக்கை என்னவென்றால், விசாச் சட்டத்தின் கணக்கில் இது திறன் தேவைப்படும் வேலையே இல்லை.

இன்று காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். கொண்டக்டர் பெடியனுக்கு இருபது வயதிருக்கும். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு, ஒரு கால் மிதிபலகையில், ஒரு கால் உள்ளே. நீர்வேலியில் வாழைக்குலையோடு ஏறியவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளினான். ஐந்நூறு ரூபாய் நீட்டிய அம்மாவிடம் "இறங்கேக்க தாறன்" என்றான். வல்லை வெளி தாண்டி நெல்லியடியில் அவ இறங்கும்போது, அவ கேட்காமலே மிச்சக் காசு கைக்கு வந்தது. எழுதி வைத்த கணக்கு ஒன்றுமில்லை, எல்லாம் தலைக்குள்.

அவனுக்குக் கிடைப்பது அன்றைய வசூலில் முதலாளி கொடுக்கிற நாட்கூலி. பஸ் ஓடாத நாளில் ஒன்றுமில்லை. சீரீபியில், அதாவது அரச பஸ்ஸில் என்றால் நியமனக் கடிதம் இருக்கும், ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதிக்கு முதலாளி பக்கத்திலிருந்து சம்பளத்தில் 12 வீதம் விழும். அதனால்தான் ஊரில் சிவப்பு பஸ்ஸுக்கு அந்த மதிப்பு.

லண்டனில் அந்தப் பெடியனின் வேலையும் டிரைவர் தலையில்தான். வழமையான சேவையில் கொண்டக்டரோடு ஓடிய கடைசிப் பழைய பஸ்களை 2005 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சக்கர நாற்காலிக்குப் பலகை இறக்குவதும், பொல்லோடு ஏறிய கிழவி இருக்கும்வரை காத்திருப்பதும், நடுச்சாமத்தில் வெறிகாரனோடு கதைத்துச் சமாளிப்பதும் நீங்களேதான். 2014 ஜூலையிலிருந்து காசு வாங்குவதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

லைசென்ஸ்: இலங்கையின் கனரக லைசென்ஸ் அங்கே செல்லாது, மாற்றியும் தரமாட்டார்கள். அதை வைத்து முதல் 12 மாதம் கார் ஓட்டலாம், அவ்வளவுதான். அதற்குள் அங்கத்தைய கார் லைசென்ஸை எடுத்துவிடுங்கள். பஸ்ஸுக்கான டி வகுப்புப் பயிற்சியைக் கம்பனிகளே சம்பளத்தோடு தருவதுண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேர மறுபயிற்சி. திறனில்லாத வேலைக்கு இவ்வளவு பரீட்சை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனிச் சம்பளம். பஸ்ஸெல்லாம் ஒரே சிவப்பாக இருந்தாலும் ஓட்டுவது வேறு வேறு தனியார் கம்பனிகள், நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்பந்தத்தில். ஒரே றோட்டில் ஓடும் இரண்டு பஸ்களின் டிரைவர்களுக்கு இரண்டு சம்பளம் இருக்கலாம். நிலத்தடி ரெயில் ஓட்டுநருக்கு வருடத்துக்கு 60 ஆயிரம் பவுணுக்கு மேல், எங்களுக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. ரெயிலுக்குக் குறுக்கே சைக்கிள்காரன் வருவதில்லையே! வித்தியாசம் திறமையில் இல்லை. அவர்களுக்கு ஒரே முதலாளி, பலமான சங்கம். அவர்கள் நின்றால் நகரம் நிற்கும். எங்களைக் கம்பனி கம்பனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நியாயமான சம்பளமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். கடையில் ஆகக்குறைந்த சம்பளத்துக்கு நிற்பதை விடத் திறமா என்றால், ஓம்.

மணித்தியால றேட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்தரை மணி நேர ஓட்டத்துக்கு அரை மணி நேர இடைவேளை சட்டப்படி கட்டாயம், ஆனால் அதற்குச் சம்பளம் உண்டா என்பதைக் கேட்டுத்தான் அறியவேண்டும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்துத் தரும் ஷிப்டில் இடைப்பட்ட நேரம் கணக்கில் வருமா என்றும் கேளுங்கள். சட்டம் ஒரு வேலைநாளை 16 மணி நேரம் வரை இழுக்க விடுகிறது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் இதைக் கேட்காமல் விட்டு, மத்தியானங்களை எல்லாம் கராஜில் சும்மா இருந்து கழித்தேன்.

ஒரு தங்கச்சி, பெண்களுக்குச் சரிவருமா என்று கேட்டிருந்தா. தாராளமாக வரும், எங்கள் கராஜில் பலர் இருக்கிறார்கள். ஆனால் ரூட்டின் இரண்டு முனையிலும் கழிப்பறை இருக்கிறதா என்று சேர முன்னரே விசாரியுங்கோ. 2018இல்தான் அதற்கென்று 60 லட்சம் பவுண் ஒதுக்கினார்கள். அதுவரை நாங்கள் காலையில் தேத்தண்ணி குடிக்கவே யோசித்தோம்.