சோங் கோல் ஏரிக்குக் குதிரையில் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். வரும் ஜூலையில் தங்கையும் நானும் கிர்கிஸ்தானில் சோங் கோல் ஏரிக்குக் குதிரையில் போகிறோம். கிசார்ட் கிராமத்தில் கிளம்பி, கணவாய் ஏறி இறங்கி, இரவில் மேய்ப்பர்களின் யூர்ட் கூடாரத்தில் தங்கும் வழி. ஏரியே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடையிலும் ராத்திரி நல்ல குளிர். சரி, அதைச் சமாளித்துவிடலாம்.

கவலையெல்லாம் இறக்கத்தில்தான். தங்கை குதிரையில் ஏறியதே இல்லை. சரிவில் உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கடிவாளத்தைத் தளர்த்திவிட்டால் குதிரையே பார்த்துக் கால் வைக்கும் என்கிறார்கள். புதியவருக்கு அது போதுமா, இல்லை இறங்கி நடப்பது நல்லதா? ஹெல்மெட் அங்கே கிடைக்குமா? அப்புறம், முதுகில் சேணப் புண்ணோடு இருக்கும் குதிரையில் ஏற எங்களுக்கு மனசு வராது. கேட்டால் மாற்றித் தருவார்களா? போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.